வைத்தியர் பிழையும் நட்டஈட்டு இணக்கமும்

வைத்தியர் ஒருவரின் கவலையீனத்தால் நோயாளிக்குத் தீங்கு நேரிடின், அத்தீங்குக்கு ஈடாகப் பணம் கொடுக்கப்படுவது நாடுகள் பலவற்றில் வழக்கம். அப்பணம் எவ்வளவு, அதனை யார் கொடுப்பது என்னும் வினாக்களுக்கு நீதிமன்றமே விடை கூறும் என்று பொதுமக்கள் எண்ணுவர். ஐக்கிய அமெரிக்க நாடுகளில் நடப்பது வேறு. அங்கு இத்தகைய பிணக்குகளுள் மிகப் பெரும்பாலானவை விசாரணையின் முடிவைக் காண்பதில்லை. ஒன்றில் அவை இடைவழியிற் கைவிடப்படும். அன்றேல் இரு பக்கத்தாரும் மூடிய அறையுள் இருந்து பேசிச் செய்துகொள்ளும் இணக்கத்தில் முடியும். இவ்விணக்கம் இருவர் தம்முட் செய்யும் தனிப்பட்ட ஒப்பந்தம் போலவே தோன்றும். ஆயினும் அவ்வறையில் எவரும் வாய் திறப்பதற்கு முன்னரே, அங்கு பேசப்படும் தொகையை மாநிலச் சட்டம் பெரும்பாலும் முடிவு செய்து வைத்துவிடுகிறது. அஃது எவ்வாறு என்பதையே ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

எம் கல்லூரியிற் கற்று வைத்தியராகிக் கடல் கடந்தோருள் அம்மாநிலங்களிலே தொழில் செய்வோரும் உளர். சட்டம் பயின்றோருக்கும் எம்மிடையே குறைவில்லை. பழைய மாணவர் விருந்துகளில் இவ்விரு சாராரும் அருகருகே அமர்ந்து எல்லாப் பொருளையும் பேசுவர். இப்பொருள் ஒன்றை மாத்திரம் தொடார். ஆகவே இதழிலாவது பேசுதல் நன்றென எண்ணினோம்.

முதற்கண் ஒன்றைத் தெளிவாக்குதல் வேண்டும். ஒருவர் பிறர்க்கு இழைத்த தீங்குக்கு ஈடு கோரும் சட்டம் அமெரிக்கா முழுவதற்கும் ஒன்றாய் அமைந்ததன்று. ஐம்பது மாநிலங்களும் தத்தமக்கெனத் தனித்தனிச் சட்டம் உடையன. யாழ்ப்பாணத்தவர்க்கு இது பெரும் புதுமையாய்த் தோன்றாது. வடமாகாணத்துக் காணியொன்றில் பங்குடையவர் தம் பங்கை விற்குமிடத்து, மற்றைப் பங்காளிக்கு அதனை முந்தி வாங்கும் உரிமை உண்டென்பது தேசவழமை. அவரே கொழும்பிற் காணி விற்கும்போது அவ்விதி அவரைத் தொடர்வதில்லை. சட்டம் நிலத்தோடு ஒட்டி நிற்கிறது. அமெரிக்காவில் நோயாளியின் உடலுக்கு நேர்ந்த தீங்கும் ஏறக்குறைய அவ்வாறே இடத்துச் சட்டத்துக்கு அமைந்தது. மத்திய அரசாங்கத்துக்குரிய வைத்தியசாலையிலே தவறு நேர்ந்தாலுங்கூட, 1946ஆம் ஆண்டின் மத்திய தீங்கியற் கோரிக்கைச் சட்டத்தின்படி, அரசாங்கத்தின் பொறுப்பு அத்தவறு நிகழ்ந்த மாநிலத்தின் சட்டத்தைக் கொண்டே அளக்கப்படுகிறது.

இதன் விளைவைக் காண விரும்புவோர் கன்சாஸ் நகரத்தை நோக்குக. அப்பெருநகர் மிசூரி, கன்சாஸ் ஆகிய இரு மாநிலங்களிலும் பரந்து கிடக்கிறது. மாநில எல்லை வீதி என்றே பெயர் பெற்ற தெருவொன்று அதனூடே ஓடுகிறது. தெருவுக்குக் கிழக்கே மிசூரி; மேற்கே கன்சாஸ். நோயாளர் காலையில் ஒரு மாநிலத்திலிருந்து புறப்பட்டு, மற்றை மாநிலத்து வைத்தியசாலைக்குப் போய், மாலையில் வீடு திரும்புவர். 2012ஆம் ஆண்டிலே மிசூரியின் உயர் நீதிமன்றம், வைத்தியக் கவலையீன வழக்குகளில் வேதனைக்கும் துயருக்கும் கொடுக்கும் ஈட்டுக்குச் சட்டசபை விதித்திருந்த மேல்வரம்பு, யூரிமார் முன் வழக்குரைக்கும் உரிமைக்கு மாறானது எனத் தள்ளிற்று. அதே ஆண்டிற் கன்சாஸின் உயர் நீதிமன்றத்துக்கு வேறொரு வழக்கு வந்தது. வலப்பக்கச் சூலகத்தை அகற்ற வேண்டிய வைத்தியர் இடப்பக்கத்ததை அகற்றிவிட்டார். யூரிமார் வேதனைக்கென 575,000 டொலர் கொடுத்தனர். கன்சாஸின் சட்டமோ 250,000 டொலருக்கு மேற் கொடுக்கலாகாது என்றது. நீதிமன்றம் சட்டத்தின் பக்கம் நின்றது. ஆக, 2012இன் முடிவில் வீதியின் கிழக்கே வரம்பில்லை, மேற்கே வரம்புண்டு.

கதை அத்துடன் முடியவில்லை. 2015இல் மிசூரிச் சட்டசபை, இவ்வழக்கே இனிச் சட்டசபை படைத்ததோர் உரிமை என வகுத்துப் புதிய வரம்பை நாட்டியது. சாதாரண தீங்குக்கு 400,000 டொலர், மிகக் கொடிய தீங்குக்கும் மரணத்துக்கும் 700,000 டொலர், இவை ஆண்டுதோறும் நூற்றுக்கு 1.7 வீதம் உயரும் என்பது அதன் ஏற்பாடு. 2019இல் கன்சாஸின் உயர் நீதிமன்றம், வீதி விபத்து வழக்கொன்றிலே தன் மாநிலத்து மேல்வரம்பை யூரி உரிமையின் பெயரால் வீழ்த்திற்று. இப்பொழுது கிழக்கே வரம்பு, மேற்கே இல்லை. ஏழு ஆண்டுகளுள் ஒரு தெருவின் இரு மருங்கும் இடம் மாறின. சத்திரசிகிச்சைக் கத்தியும் மனிதர் படும் நோவும் முன்போலவே இருந்தன.

வழக்கு நீதிமன்றத்தில் முடியாது இணக்கத்தில் முடியுமாயின், இவ்வரம்புகளால் என்ன என்று வினவலாம். இணக்கத் தொகை எவ்வாறு பிறக்கிறது என்பதை அறிந்தால் ஐயம் நீங்கும். பேச வரும் இரு பக்கத்து நியாயவாதிகளும் ஒரே கேள்வியையே தம்முட் கேட்கின்றனர்: இவ்வழக்கு விசாரணைக்குப் போனால் என்ன கிடைக்கும்? கிடைக்கக்கூடிய தொகை, அது கிடைப்பதற்கான வாய்ப்பு, அதற்காகும் செலவு ஆகிய மூன்றையும் சீர்தூக்கி, அந்நிழலிலிருந்தே பேரம் பேசப்படும். நீதிமன்றம் உயர்ந்தபட்சம் 250,000 கொடுக்குமாயின், காப்புறுதிக் கம்பனி இணக்கத்தில் 300,000 கொடுக்க ஒருபோதும் இசையாது.

நட்டஈட்டில் இருவகை உண்டு என்பதையும் இங்கே கூறவேண்டும். வைத்தியச் செலவு, இழந்த சம்பளம், இனி வேண்டப்படும் பராமரிப்பு என்பன கணக்கிற் காட்டக்கூடியன. இவற்றைப் பொருளிழப்பு ஈடு என்போம். நோவு, அங்கவீனம், வாழ்வின் சுவை குன்றல் என்பன கணக்கில் அடங்காதன. இவற்றை வேதனை ஈடு என்போம். பெரும்பாலான மேல்வரம்புகள் வேதனை ஈட்டையே கட்டுப்படுத்துகின்றன. கேட்பதற்கு இது நியாயமாகவே தோன்றும்; உண்மை இழப்பு முழுவதும் கொடுக்கப்படுகிறதன்றோ? சம்பளம் பெறும் மனிதர்க்கு அது பொருந்தும். சம்பளமில்லாத மூதாட்டிக்கும், வீட்டைப் பேணும் தாய்க்கும், பள்ளி செல்லாத குழந்தைக்கும் பொருளிழப்பு எனக் காட்ட யாதுளது? அவர்கள் இழந்தது பெரும்பாலும் வேதனை ஈட்டினுள்ளேயே அடங்கும். ஆகவே எல்லார்க்கும் பொதுவாய் எழுதப்பட்ட வரம்பு அவர்கள் மேலேதான் முழுப் பாரத்தோடும் விழுகிறது.

இதனைக் கலிபோர்ணியாவின் வரலாறு தெளிவாய்க் காட்டும். 1970களின் நடுப்பகுதியிலே அங்கு வைத்தியர் கட்டவேண்டிய காப்புறுதிக் கட்டணம் திடீரென மிக உயர்ந்தது. 1975 மே மாதத்தில் மயக்கமருந்து வைத்தியர்கள் வேலைநிறுத்தஞ் செய்தனர். வடபகுதி வைத்தியசாலைகளிற் சத்திரசிகிச்சைகள் நின்றன. ஆளுநர் ஜெரி பிரவுண் சட்டசபையின் விசேட கூட்டத்தை அழைத்தார். அவ்வாண்டே மைக்ரா எனச் சுருக்கப் பெயர் பெற்ற வைத்தியத் தீங்கு நட்டஈட்டுச் சீர்திருத்தச் சட்டம் பிறந்தது. வேதனை ஈடு எத்துணைத் தீங்குக்கும் 250,000 டொலரை மீறலாகாது என்பது அதன் முதல் விதி. நியாயவாதி எடுக்கும் பங்குக்கும் அச்சட்டம் படிமுறை வகுத்தது. எதிர்காலச் செலவுக்குரிய ஈட்டை ஒரேயடியாகக் கொடாது தவணையாகக் கொடுக்கவும் இடமளித்தது. நோயாளியின் செலவை வேறு காப்புறுதி தாங்கியிருப்பின், அதனை யூரிமாருக்குக் காட்டவும் அனுமதித்தது. 1985இல் மாநில உயர் நீதிமன்றம் அவ்வரம்பு செல்லுமெனத் தீர்த்தது.

சட்டத்தில் எழுதப்பட்ட 250,000 என்னும் எண் 47 ஆண்டுகளாக அசையவில்லை. விலைவாசி அசைந்தது. 2022ஆம் ஆண்டின் 250,000 டொலர், 1975இன் டொலரிற் கணக்கிடின் 50,000க்கும் கீழானது. சட்டசபை ஒரு சொல்லையேனும் மாற்றாமலே தன் சட்டத்தை ஆண்டுதோறும் கடுமையாக்கிக்கொண்டிருந்தது என்று கூறுதல் பொருந்தும்.

இவ்வெண் இணக்க அறையில் என்ன செய்தது என்பதை ஓர் உதாரணத்தாற் காண்போம். ஓய்வூதியம் பெறும் மூதாட்டி ஒருவர் சத்திரசிகிச்சைத் தவறினாற் பார்வை இழந்தார் எனக் கொள்க. அவருக்குச் சம்பள இழப்பு இல்லை; வைத்தியச் செலவை வேறொரு காப்புறுதி தாங்கிற்று. 2022இல் அவர் உயர்ந்தபட்சம் எதிர்பார்க்கக்கூடியது 250,000 டொலர். அமெரிக்க நியாயவாதி இவ்வகை வழக்குகளிலே முற்பணம் வாங்குவதில்லை. செலவைத் தாமே போட்டு, வென்றால் ஒரு பங்கை எடுத்துக்கொள்வார். தோற்றால் போட்ட பணமும் போயிற்று. நிபுண வைத்தியர்களின் சாட்சியமின்றி இவ்வழக்கை நடத்தல் இயலாது. அவர்களின் கட்டணமோ பெரிது. செலவு 75,000 டொலர் எனக் கொள்வோம். வென்றால், செலவு கழித்து எஞ்சுவது 175,000. அதில் முதல் 50,000க்கு நூற்றுக்கு 40, அடுத்த 50,000க்கு மூன்றிலொரு பங்கு, அதற்கு மேல் நூற்றுக்கு 25 என அன்றிருந்த சட்டப்படி கணக்கிட்டால், நியாயவாதிக்குக் கிடைப்பது ஏறக்குறைய 55,400 டொலர். தோற்றால் அவர் இழப்பது 75,000. வெற்றியும் தோல்வியும் சரிபாதி வாய்ப்பெனின், இவ்வழக்கை எடுப்பவர் நெடுநாளில் நட்டமே அடைவார். எனவே அவர் மூதாட்டியின் கதையைப் பொறுமையாகக் கேட்பார்; வருந்துவார்; வேறொருவரைப் பாரும் என்பார். வேறொருவரும் அதே கணக்கையே போடுவார்.

ஆகவே சட்டம் இணக்கத் தொகையைக் குறைக்கிறது என்பதோடு நின்றால் பாதியே கூறியவராவோம். பல சந்தர்ப்பங்களில் இணக்கப் பேச்சே தொடங்குவதில்லை. எவரும் வழக்கிட வரமாட்டார் எனத் தெரிந்த இடத்துக் காப்புறுதிக் கம்பனிக்குப் பேசவேண்டிய தேவை யாது? நியூயோர்க் மாநிலத்து வைத்தியசாலைகளின் 1984ஆம் ஆண்டுப் பதிவுகளை ஆராய்ந்த ஹாவர்ட் ஆய்வு 1991இல் வெளிவந்தது. கவலையீனத்தாற் காயமுற்றோருள் மிகச் சிறு பகுதியினரே ஈடு கோரினர் என அது கண்டது. மேல்வரம்பே இல்லாத மாநிலத்திலேயே அதுதான் நிலை.

வைத்தியர் பக்கத்து நியாயத்தையும் மறைத்தலாகாது. தம் தொழிலைச் செவ்வனே செய்தவர்களும் ஆண்டுக்கணக்காக வழக்கை நெஞ்சிற் சுமக்கின்றனர். யூரிமார் தீர்ப்புவரை செல்லும் வழக்குகளுட் பெரும்பாலானவற்றில் வைத்தியரே வெல்கின்றனர் என்பதும் உண்மை. கட்டணம் தாங்கமாட்டாது பிரசவ வைத்தியர்கள் சிற்றூர்களை விட்டு நீங்கினால், துன்பப்படுவோர் அவ்வூர்ப் பெண்களே. வரம்பு வேண்டும் என்போரை நாம் கொடியோர் எனக் கருதவில்லை. வரம்பை இட்டவர்கள் அதற்கு ஆண்டுதோறும் உயரும் ஏற்பாட்டைச் செய்யாது விட்டமையையே குறை கூறுகின்றோம்.

கலிபோர்ணியாவில் 2014இல் வரம்பை உயர்த்த முயன்ற பொதுசன வாக்கெடுப்புத் தோற்றது. 2022இல் மற்றொரு வாக்கெடுப்பு வரவிருந்த வேளையில், வைத்தியர் பக்கமும் நியாயவாதிகள் பக்கமும் கூடிப் பேசித் தாமே ஓர் இணக்கத்துக்கு வந்தனர். இணக்கங்களை ஆளும் சட்டமே இணக்கத்தாற் பிறந்தது ஒரு வேடிக்கை. அதன்படி 2023 சனவரி முதல் வரம்பு, காயத்துக்கு 350,000 டொலர், மரணத்துக்கு 500,000 டொலர். பத்தாண்டுகளிற் படிப்படியாக உயர்ந்து முறையே 750,000, 1,000,000 ஆகி, பின்னர் ஆண்டுக்கு நூற்றுக்கு 2 வீதம் கூடும். நியாயவாதியின் பங்கும் மாறிற்று. வழக்குத் தாக்கல் செய்யுமுன் இணங்கினால் நூற்றுக்கு 25. தாக்கல் செய்தபின் எனின் நூற்றுக்கு 33. முன்னர் தொகையைப் பொறுத்திருந்த பங்கு இப்பொழுது காலத்தைப் பொறுத்துள்ளது. வழக்காளி தம் நியாயவாதி இன்று இணங்கச் சொல்வதும், பொறுக்கச் சொல்வதும் எதனால் என எண்ணிப் பார்க்க இது காரணமாகலாம்.

ரெக்சாஸ் மாநிலம் 2003இல் இதே வழியிற் சென்றது. வைத்தியர்களிடமிருந்து பெறும் வேதனை ஈடு 250,000 டொலர்; வைத்தியசாலைகளையும் சேர்த்தால் முழுவதும் 750,000 டொலரை மீறாது. நீதிமன்றம் இதனைத் தள்ளாதிருக்க, அவ்வாண்டு செப்ரெம்பர் மாதத்துப் பொதுசன வாக்கெடுப்பினால் அரசியலமைப்பையே திருத்தினர். மிகச் சிறு பெரும்பான்மையால் அது நிறைவேறியது. மேலும், எதிராளி மறுமொழி கொடுத்த 120 நாட்களுள் நிபுணர் அறிக்கையைக் கொடாத வழக்குத் தள்ளப்படும். எதிராளியின் நியாயவாதிச் செலவையும் வழக்காளியே கொடுக்கவேண்டும். அதன்பின் வழக்குகளும் கொடுப்பனவுகளும் வெகுவாய்க் குறைந்தன. வைத்தியர் தொகை கூடிற்றா என்பதில் ஆய்வாளர் ஒருமைப்படவில்லை.

ஆயினும் ரெக்சாஸில் வழக்காளிக்கு உதவும் பழைய விதி ஒன்றும் உண்டு. அது தளபாடக் கம்பனி ஒன்றின் பார ஊர்தி சம்பந்தப்பட்ட வழக்கிலே 1929இற் பிறந்தது. அக்கம்பனியின் காப்புறுதித் தொகை 5,000 டொலர். காயமுற்றவர் 4,000 டொலருடன் முடித்துக்கொள்ள இசைந்தார். காப்புறுதிக் கம்பனி மறுத்தது. யூரிமார் 12,000க்கு மேற் கொடுத்தனர். காப்புறுதித் தொகைக்கு உட்பட்ட நியாயமான இணக்கத்தை விவேகமின்றி மறுத்தவர், மேலதிகத் தொகையையும் தாமே சுமக்கவேண்டும் என நீதிமன்றம் விதித்தது. தளபாட வண்டியில் ஏறி வந்த இவ்விதி இன்று வைத்தியர் வழக்குகளிலும் அமர்ந்திருக்கிறது. வழக்காளியின் நியாயவாதி, காப்புறுதித் தொகைக்குள் அடங்கும் ஒரு தொகையைக் குறித்து, நாட்கெடு வைத்துக் கடிதம் எழுதுவார். அக்கடிதம் கிடைத்த நாள் தொடக்கம் பயப்படவேண்டியது கம்பனி. வைத்தியரும் தம் கம்பனிக்கு, இணங்கிவிடும் எனக் கடிதம் எழுதுவதுண்டு.

அதற்கு மாறாக, எவ்வாற்றானும் இணங்கேன் எனப் பிடிவாதஞ் செய்யும் வைத்தியரும் உளர். 1986ஆம் ஆண்டின் மத்திய சட்டமொன்றினால் நிறுவப்பட்டு 1990இல் தொடங்கிய தேசிய வைத்தியர் தரவுக் களஞ்சியம், வைத்தியர் ஒருவர் சார்பில் வழக்கு இணக்கமாகக் கொடுக்கப்படும் ஒவ்வொரு கொடுப்பனவையும் பதிகிறது. வைத்தியசாலைகள் ஒருவரை வேலைக்கு எடுக்குமுன் அதனைப் பார்க்கும். சிறு தொகையாயினும் பெயர் ஏறிவிடும் என்பதால், பணத்தைக் காட்டிலும் பெயருக்கு அஞ்சுவோர் பலர்.

இந்தியானா மாநிலத்தின் வழி வேறானது. 1975இல் அங்கு ஆளுநராயிருந்த ஒற்றிஸ் போவன் தாமே ஒரு வைத்தியர். அவர் காலத்துச் சட்டம் வேதனை ஈட்டோடு நில்லாது, வைத்தியச் செலவு உட்பட முழு நட்டஈட்டுக்குமே வரம்பிட்டது. முதலில் 500,000 டொலராயிருந்த அவ்வரம்பு, 2019 யூலை முதல் நிகழ்ந்த தவறுகளுக்கு 1,800,000 டொலர். வைத்தியர் பொறுப்பு அதில் முதல் 500,000 மாத்திரமே. எஞ்சியதை மாநிலத்தின் நோயாளர் நட்டஈட்டு நிதி கொடுக்கும். வழக்கு நீதிமன்றில் நடைபெறுமுன், வைத்தியத் துறையினர் மூவர் வாக்களிக்கும் குழு ஒன்று ஆராய்ந்து கருத்துரைக்கவேண்டும். தலைமை தாங்கும் நியாயவாதிக்கு வாக்கில்லை. இணக்கத்துக்கு இங்கே விசேட பயன் ஒன்றுண்டு. வைத்தியர் தம் பங்கைக் கொடுத்து இணங்கிவிட்டால், அவருடைய தவறு ஒப்புக்கொள்ளப்பட்டதாகவே கொண்டு, நிதியுடன் தொகையைப் பற்றி மாத்திரம் பேசவேண்டும். எனவே வழக்காளிக்கு வைத்தியருடன் செய்யும் இணக்கம் நிதியின் கதவைத் திறக்கும் சாவியாகிறது. ஆனால் பிறப்பின்போது மூளை பாதிக்கப்பட்டு, வாழ்நாள் முழுவதும் பிறர் கையையே நம்பவேண்டிய குழந்தைக்கும் அந்த 1,800,000 டொலரே முடிந்த முடிபு. அக்குழந்தையே மேல்வரம்பற்ற பென்சில்வேனியாவிற் பிறந்திருந்தால் பேச்சு வேறோர் எண்ணிலிருந்து தொடங்கும். அம்மாநிலத்து அரசியலமைப்பு, காயத்துக்கும் மரணத்துக்கும் கொடுக்கும் ஈட்டுக்குச் சட்டசபை வரம்பிடுவதையே தடுக்கிறது.

மரணத்தைப் பற்றிய சட்டங்கள் இன்னும் விசித்திரமானவை. புளோரிடாவில் 1990ஆம் ஆண்டு தொடக்கம் உள்ள விதி இது: 25 வயது நிரம்பிய ஒருவர், மனைவியோ கணவனோ 25 வயதுக்குட்பட்ட பிள்ளைகளோ இன்றி, வைத்தியக் கவலையீனத்தால் இறப்பாராயின், பெற்றோர் தம் மனத்துயருக்கு ஈடு கோர முடியாது. அதே மகன் வீதி விபத்தில் இறந்திருப்பின் அப்பெற்றோர் கோரலாம். வைத்தியசாலைக் கட்டிலில் இறந்தமையால் கோரலாகாது. விதவையான தாய் வைத்தியர் தவறால் இறந்தால், 25 வயது கடந்த பிள்ளைகளுக்கும் அதே கதி. இத்தகைய குடும்பங்களுக்கு இணக்கமாக எதுவுங் கொடுக்கவேண்டிய நிர்ப்பந்தம் எதிர்ப்பக்கத்துக்கு ஏறக்குறைய இல்லை. தம் பிள்ளைக்கு நேர்ந்தது என்ன என வினவித் திரியும் பெற்றோருக்கு வழக்கைத் தொடங்க ஒரு நியாயவாதியுங் கிடைப்பது அரிது; வழக்கில்லையெனின் சாட்சியத்தைச் சத்தியத்தின்மேற் கேட்கும் வழியும் இல்லை. 2025இல் புளோரிடாச் சட்டசபையின் இரு மன்றுகளும் அவ்விதியை நீக்க வாக்களித்தன. மே மாதத்தில் ஆளுநர் டிசான்ரிஸ், காப்புறுதிக் கட்டணம் உயருமெனக் கூறி அதனை மறுத்தார்.

நியூயோர்க்கில் மேல்வரம்பு இல்லை என்று முன்னர் கூறினோம். ஆனால் மரணத்துக்கு ஈடு கோரும் உரிமை அங்கு 1847ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி வந்தது. அது பணவிழப்பை மாத்திரமே கணக்கிற் கொள்ளும். இறந்தவர் உயிர் பிரியுமுன் உணர்ந்த நோவுக்கு ஈடுண்டு. எஞ்சியிருப்போரின் துக்கத்துக்கு இல்லை. குழந்தை ஒன்று இறந்தால் குடும்பத்துக்கு என்ன பணவிழப்பு? இதனை மாற்றும் சட்டமூலத்தைச் சட்டசபை நிறைவேற்றியும், 2023 சனவரி தொடக்கம் 2024 திசெம்பர் வரையில் ஆளுநர் ஹோக்குல் மூன்று முறை மறுத்தார். அங்கு பேச்சு மேசையில், உயிரோடு முடங்கிக் கிடக்கும் குழந்தையின் வழக்கு மிகப் பெறுமதியுடையது. இறந்த குழந்தையினது மிக அற்பமானது. இதனைக் கேட்டுக் கண் கலங்கும் பெற்றோருக்கு நியாயவாதி 19ஆம் நூற்றாண்டின் சட்டத்தையே எடுத்துக் காட்டவேண்டும்.

நீதிமன்றங்கள் பலவிடத்து வரம்புகளை உடைத்துமுள்ளன. இலினோய்ஸ் 1997இலும் 2010இலும், ஜோர்ஜியா 2010இலும், புளோரிடா 2014இலும் 2017இலும் அவ்வாறு செய்தன. அத்தகைய தீர்ப்பு வெளியாகும் நாளிலே, நிலுவையிலுள்ள வழக்குகளின் பெறுமதி ஓரிரவில் மாறிவிடும். முதல் வாரத்தில் இணங்கியவர் பழைய விலைக்கு விற்றவராவார். இணக்கப் பத்திரத்திற் கையொப்பமிட்டபின் மீட்சியில்லை.

இணங்கிய தொகையிலும் மாநிலம் தன் பங்கைக் கேட்பதுண்டு. வறியோருக்கு அரசாங்கம் வைத்தியச் செலவு கொடுத்திருப்பின், இணக்கப் பணத்திலிருந்து அதனை மீளப் பெறலாம். புளோரிடா பற்றிய வழக்கொன்றில், எதிர்கால வைத்தியச் செலவுக்கென ஒதுக்கிய பகுதியிலிருந்தும் மாநிலம் எடுக்கலாம் என அமெரிக்காவின் அதியுயர் நீதிமன்றம் 2022இல் தீர்த்தது. ஆகவே இணக்கப் பத்திரத்தில் மொத்தத் தொகையைப் போலவே, அதனைப் பிரித்து எழுதும் முறையும் முக்கியமாகும்.

பணத்தைப் பற்றியே இதுவரை பேசினோம். காயமுற்றோர் முதலிற் கேட்பது பெரும்பாலும் வேறொன்று: நடந்தது என்ன என்பதைச் சொல்லுங்கள் என்பதே. வைத்தியர் வாய் திறந்தால் அவ்வார்த்தையே வழக்கிற் சான்றாகும் என அஞ்சி மௌனமாயிருந்தனர். மசச்சூசெற்ஸ் 1986இல் முதன்முதலாக, அனுதாப வார்த்தையைச் சான்றாக்கலாகாது எனச் சட்டமியற்றியது. பின்னர் பல மாநிலங்கள் அவ்வழி சென்றன. ஆயினும் ஒன்றுபோல் அன்று. கலிபோர்ணியாவின் 2000ஆம் ஆண்டுச் சட்டம் அனுதாபத்தைக் காக்கும்; தவற்றை ஒப்புக்கொள்ளும் வார்த்தையைக் காவாது. கொலராடோவின் 2003ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டையும் காக்கும். ஆகவே லொஸ் ஏஞ்சலிஸ் வைத்தியர், உமக்கு நேர்ந்ததற்கு வருந்துகிறேன் என்று கூறி நிறுத்திக்கொள்வார். டென்வர் வைத்தியர், என் பிழை என்றும் கூறலாம்.

மிச்சிகன் மாநிலச் சட்டப்படி, வைத்தியர்மேல் வழக்கிட எண்ணுவோர் 182 நாட்களுக்கு முன்னரே அறிவித்தல் கொடுக்கவேண்டும். வழக்காளியைத் தாமதிக்கச் செய்யும் விதி என்றே பலரும் அதனைக் கருதினர். 2001ஆம் ஆண்டளவில் மிச்சிகன் பல்கலைக்கழக வைத்தியசாலை அந்நாட்களை வேறு வகையிற் பயன்படுத்தத் தொடங்கிற்று. தன் பதிவுகளைத் தானே ஆராய்ந்தது. தவறுண்டெனின் ஒப்புக்கொண்டு ஈடு கொடுக்க முன்வந்தது, இல்லையெனின் வழக்காடிற்று. 2010இல் வெளிவந்த ஆய்வு, அதன்பின் அங்கு வழக்குகளும் செலவும் குறைந்தமையையும், கோரிக்கைகள் விரைந்து தீர்ந்தமையையும் காட்டியது. மசச்சூசெற்ஸ் 2012இல் அதே 182 நாட்களைத் தன் சட்டத்திற் சேர்த்தது. வைத்தியர் தம் பிழையை ஒப்புக்கொண்டு கூறிய வார்த்தையையும் சான்றாகக் கொள்ளலாகாது என்றது. அவரே பின்னர் சத்தியத்தின்மேல் அதற்கு மாறாகப் பேசின், அவ்வார்த்தையை நீதிமன்றத்தில் எடுத்துக் காட்டலாம் என்னும் நிபந்தனையும் அதில் எழுதப்பட்டுள்ளது.